பதிவேட்டில் ஒரு பெயர்: பாராமகால் எல்லையில் தாயும் திருச்சபையும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவ்வூரை ஆண்டவர் யார், வென்றவர் யார், அங்குக் கோயில் எடுத்தவர் யார் என்னும் வினாக்களையே முதலில் எழுப்புவர். அவ்வினாக்களுக்குக் கல்வெட்டும் செப்பேடும் அரசாங்க ஆவணங்களும் விடை தருகின்றன. ஆயின், அவ்வூரில் விளக்கேற்றியவர் யார், பிள்ளைக்குப் பெயர் தேர்ந்தவர் யார், திருநாள் இன்ன நாளில் வருகிறதென்று நாள் எண்ணிக் காத்திருந்தவர் யார் என்று வினவினால் ஆவணங்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. அவ்வினாக்களுக்கெல்லாம் விடை ஒன்றே. அது தாய் என்பதாகும். கெலமங்கலத்தையும் அதனைச் சூழ்ந்த ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியையும் களமாகக் கொண்டு, அங்குள்ள கிறித்தவக் குடும்பங்களில் தாயின் இடம் யாது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லை மண்

கெலமங்கலம் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் அமைந்த பேரூர். வடக்கே ஓசூர், தென்கிழக்கே இராயக்கோட்டை, மேற்கே தளி வழியாகக் கன்னட நாடு. மேட்டு நிலமாதலின் காற்று குளிர்ந்தது; கேழ்வரகும் அவரையும் பழைய விளைச்சல்; ரோஜாவும் காய்கறியும் புதிய விளைச்சல்.

இம்மண்ணைப் போல எல்லைகள் அடிக்கடி மாறிய மண் தமிழகத்தில் மிகச் சிலவே. மைசூர் அரசுக்கு உட்பட்டிருந்த பாராமகால், 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் அங்கு நிலவரித் திட்டம் வகுத்தனர். 1799 மார்ச்சுத் திங்களில் திப்பு சுல்தானை எதிர்த்துச் சென்ற ஜெனரல் ஹாரிசின் பெரும்படை இராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகவே சீரங்கப்பட்டணத்தை நோக்கி நடந்தது. அவ்வாண்டுப் போருக்குப் பின்னர் ஓசூர்ப் பகுதியும் கம்பெனி ஆட்சிக்குள் வந்தது. பின்னர் இவையனைத்தும் சேலம் மாவட்டத்தில் அடங்கின. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இப்பகுதி தமிழ்நாட்டிலேயே நின்றது. 1965இல் தருமபுரி மாவட்டமும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டமும் தோன்றின.

திருச்சபையின் எல்லைகளும் இவ்வாறே மாறின. கத்தோலிக்கத் திருச்சபையில் சேலம் மறைமாவட்டம் 1930ஆம் ஆண்டில் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் ஆகிய மூன்று ஆட்சிப் பகுதிகளிலிருந்து நிலம் பிரித்து அமைக்கப்பட்டது. 1997இல் சேலத்திலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. எனவே, இப்பகுதியில் ஒரே வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் மூன்று வெவ்வேறு ஆயர்களின் ஆட்சியின்கீழ்த் தாயாயிருக்கக்கூடும். ஆட்சி மாறினும், மாலை வேளையில் பிள்ளைகளை அருகிருத்திச் செபம் சொல்லும் வழக்கம் மாறவில்லை. மாறாதிருந்த அதனைக் காத்தவர் யார் என்பதே இங்கு எழும் வினா.

குரு இல்லாத ஆண்டுகள்

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் சேசு சபைத் துறவியான லியனார்தோ சின்னமி மைசூர் மிஷனைத் தொடங்கினார். கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய ஊர்களில் அம்மிஷன் பரவிற்று. ஆனால் 1759இல் போர்ச்சுக்கல் அரசு சேசு சபையாரைத் தன் ஆட்சிப் பரப்பிலிருந்து வெளியேற்றியது. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் அச்சபையையே கலைத்தார். எங்கோ ஐரோப்பிய அரண்மனைகளில் எடுக்கப்பட்ட இம்முடிவுகளால், இங்குள்ள சிற்றூர்கள் குருக்களை இழந்தன. 1776இல் பாரிசு அந்நிய வேதபோதக சபையார் கருநாடக மிஷனை ஏற்றனர். எனினும் பரந்த நிலத்துக்கு அவர்கள் தொகை மிகச் சிறிது. போர்களும் இடையறாது நிகழ்ந்தன. 1784இல் கன்னடக் கடற்கரைக் கிறித்தவர்கள் திப்புவின் ஆணையால் சீரங்கப்பட்டணத்துக்குச் சிறைகொண்டு செல்லப்பட்டனர். 1799க்குப் பின் சிதறிய சபைகளைச் சீர்ப்படுத்த மைசூர் நாட்டுக்கு வந்த ஆபே துபுவா என்னும் பிரெஞ்சுக் குரு, 1823 வரை அங்கு உழைத்தார். அவர் எழுதிய இந்தியப் பழக்கவழக்கங்கள் பற்றிய நூல் உலகறிந்தது.

குருக்கள் வராத ஆண்டுகளில் ஒரு சமயம் எவ்வாறு உயிர் வாழும்? பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, திருமணத்தை ஆசீர்வதிப்பார் இல்லை. உபதேசியார் என்னும் ஊர்ப் பெரியவர் ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லுவித்தார். இதனை வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆனால் வாரத்தின் ஏனைய 6 நாள்களும் வீட்டுக்குரியவை, வீடு தாய்க்குரியது. மழலை மாறாத பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து, மூவொரு இறைவனின் பெயரைச் சொல்லப் பழக்கியவர் தாயே. இலத்தீனில் நிகழ்ந்த பூசையின் பொருள் அறியாத பெண்ணும், தமிழில் செபமாலை முழுவதையும் மனப்பாடமாக அறிந்திருந்தாள். ஆகவே, குரு போனபின்னும் செபம் போகவில்லை.

இதைவிடப் பெரிய பொறுப்பு ஒன்றும் பெண்களிடம் இருந்தது. சாகுந் தறுவாயிலுள்ள குழந்தைக்கு, குரு இல்லாதவிடத்து, எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய விதி. பெண்ணும் கொடுக்கலாம் என்று 1439இல் புளோரன்சுப் பொதுச்சங்கம் வெளிப்படையாகவே கூறிற்று. பிள்ளைப்பேறு வீட்டிலேயே நிகழ்ந்த காலத்தில், பிறந்த குழந்தையின் மூச்சு தடுமாறும்போது அருகிருந்தவர் பெண்களே. குருவோ நெடுந்தொலைவில் இருந்தார். கோயிலின் பீடத்தருகே செல்ல உரிமையற்றிருந்த பெண், பிரசவ அறையில் திருச்சபையின் முதற் சடங்கைச் செய்யும் உரிமை பெற்றிருந்தாள். இம்முரண்பாடு சிந்திக்கத்தக்கது.

பஞ்சமும் கொள்ளைநோயும்

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தை மிகக் கடுமையாகத் தாக்கிற்று. 1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 19 இலட்சத்துக்கும் மேற்பட்டிருந்த அம்மாவட்டத்து மக்கள்தொகை, 1881இல் 16 இலட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. இவ்வெண்களுக்குப் பின்னால் உள்ளவை, பால் வற்றிய தாய்மார்களும் அவர்கள் மடியில் மாண்ட குழந்தைகளும் என்பதை மறக்கலாகாது. பஞ்ச காலத்தில் கஞ்சித்தொட்டிகளையும் அனாதை இல்லங்களையும் நடத்திய மிஷன்களை நாடிச் சென்றவர்களுள் தாய்மாரும் தாயற்ற பிள்ளைகளும் பலராயிருந்தனர். இவர்கள் சோற்றுக்காகச் சமயம் மாறினரென இகழ்வாரும் உளர். பிள்ளையைச் சாகவிடாது காத்த தாயின் செயலை இகழ்வதற்கு முன் அந்த மக்கள்தொகைக் கணக்கை ஒருமுறை படித்தல் நன்று.

1898இல் பெங்களூரில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவிற்று. கிருஷ்ணகிரியையும் அது விட்டுவைக்கவில்லை. அங்கு 1895ஆம் ஆண்டில் மிசௌரி லுத்தரன் மிஷனின் முதல் நிலையத்தை நிறுவியவர் தியோடர் நேத்தர் என்னும் செருமானியப் போதகர். 1904இல் அவர் பிளேக்கினால் கிருஷ்ணகிரியிலேயே இறந்தார். அவர் தொடங்கிய மிஷனே ஆம்பூர், வாணியம்பாடி, நாகர்கோவில் எனப் பரவிப் பிற்காலத்தில் இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக வளர்ந்தது. அக்கொள்ளைநோய்க் காலத்தில் கோவையில் பிளேக் மாரியம்மனுக்குக் கோயில்கள் எழுந்தன. கத்தோலிக்கத் தாய்மாரோ கொள்ளைநோயினின்று காப்பவராகக் கருதப்படும் புனித செபஸ்தியாரை வேண்டினர். தெய்வத்தின் பெயர் வேறு. காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் தலைமாட்டில் விழித்திருந்த தாயின் அச்சம் ஒன்றே.

வீட்டுத் தலைவனுக்கு எழுதிய நூல்

லுத்தரன் சபைகளின் வீட்டுச் சமய வாழ்வுக்கு அடிப்படையானது மார்ட்டின் லுத்தர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய செபம் ஆகியவற்றை வினாவிடையாக விளக்கும் அந்நூலின் பகுதிகள், வீட்டுத் தலைவன் தன் குடும்பத்தாருக்குக் கற்பிக்க வேண்டிய முறை என்ற தலைப்போடு தொடங்குகின்றன. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு சில ஆண்டுகளுக்குள்ளேயே அதனைத் தமிழாக்கினார். நூல் தந்தையை நோக்கி எழுதப்பட்டது. ஆனால் ஏர் ஓட்டவும் கூலிக்கும் விடியுமுன் புறப்பட்டுச் சென்ற தந்தைக்குப் பிள்ளைகளிடம் வினா எழுப்ப நேரம் ஏது? களி கிண்டும் துடுப்பைக் கையிற் பிடித்தபடியே, அடுத்த கட்டளை எது என்று கேட்டவள் தாய். எழுத்தறியாத தாயரும் கேள்வியறிவினாலேயே வினாவையும் விடையையும் சொல்லிக் கொடுத்தனர்.

கிறித்தவ மறையிலேயே இதற்குச் சான்று உண்டு. திமொத்தேயு என்னும் இளம் போதகனின் விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று கூறுமிடத்தில், பவுலடியார் அவன் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். தமிழ்நாட்டில் இவ்வுண்மையை உணர்ந்து தாய்மாருக்கென்றே நூல் எழுதியவர் அன்னா சத்தியநாதன் அம்மையார். தமிழ்நாட்டின் முதல் சுதேசி ஆங்கிலிக்கன் குருக்களுள் ஒருவரான ஜான் தேவசகாயத்தின் மகள் இவர். சென்னையில் பெண்பள்ளிகள் நடத்திய இவர், பிள்ளை வளர்ப்பைப் பற்றி ‘நல்ல தாய்’ என்னும் நூலைத் தமிழில் எழுதினார். போதகர்களின் பிரசங்கங்கள் அச்சேறிய காலத்தில், ஒரு தாயின் அனுபவம் நூலானது அரிய நிகழ்ச்சியே ஆகும்.

அடுப்பங்கரையும் ஆண்டுவட்டமும்

திருச்சபைக்கு ஓர் ஆண்டுவட்டம் உண்டு. அது குருவானவரின் நாள்காட்டியில் நிறங்களாகவும் வாசகங்களாகவும் குறிக்கப்பட்டிருக்கும். தாயின் நாள்காட்டியிலோ அது உணவாகவும் உடையாகவும் உழைப்பாகவும் அமைகிறது.

சாம்பல் புதனன்று தவக்காலம் தொடங்கும். அன்று முதல் வீட்டில் இறைச்சி நின்றுவிடும். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் போதுமென்று தாய் முடிவு செய்தால் அதுவே குடும்பத்தின் நோன்பு. குருத்தோலை ஞாயிறன்று கோயிலிலிருந்து கொண்டுவந்த ஓலையைச் சிலுவையாக முடைந்து நிலைப்படியின் மேல் செருகுவாள். உயிர்ப்புப் பெருவிழாவன்று அடுப்பில் மீண்டும் குழம்பு மணக்கும். ஆகஸ்டு 15 நாட்டுக்கு விடுதலை நாள். கத்தோலிக்க வீடுகளில் மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் அதுவே. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுதிரி ஏற்றித் தன் தாயின் கல்லறையருகே நிற்பவள், மறந்தும் உரத்து அழமாட்டாள். பிள்ளைகளுக்கு இங்கு உறங்குபவர் யார் யார் என்று ஒவ்வொருவராகச் சுட்டிச் சொல்லுவாள். எழுதப்படாத குடும்ப வரலாறு அன்று ஒருமுறை படிக்கப்படுகிறது.

மார்கழிக் குளிர் இம்மேட்டு நிலத்தில் கடுமையானது. அக்காலத்தில் பனியில் நனைந்த அவரைக்காய் சந்தைக்கு வரும். கிறிஸ்து பிறப்பு விழா அணுகும்போது முறுக்குக்கு மாவு இடிக்கப்படும்; அதிரசத்துக்குப் பாகு காய்ச்சப்படும். மண்ணும் வைக்கோலும் கொண்டு குடில் கட்டுவது பிள்ளைகள் வேலை. பலகாரத் தட்டுகள் முதலில் செல்வது இந்து, இசுலாமிய அயலார் வீடுகளுக்கே. பொங்கலுக்கும் உகாதிக்கும் ரமலானுக்கும் அத்தட்டுகள் வெறுமையாகத் திரும்புவதில்லை. வீட்டில் தெலுங்கும் கோயிலில் தமிழும் சந்தையில் கன்னடமும் பேசும் குடும்பங்கள் வாழும் ஊரில், இத்தட்டுகளே மொழிபெயர்ப்பு வேண்டாத மொழி.

சீர்திருத்தச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்னும் வழக்கம் உண்டு. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக்கலத்தில் போட்டு, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பது அம்முறை. அறுப்பின் பண்டிகையில் பூசணியும் கோழியும் தானியமும் பீடத்தின்முன் குவிந்து பின் ஏலம் போகும். இக்காணிக்கைகளால் உபதேசியாருக்குச் சம்பளமும் பள்ளிக்குக் கூரையும் கிடைத்த சபைகள் பல. வரவுசெலவுக் கணக்கில் அது சபையாரின் காணிக்கை என்று ஒரே வரியில் முடியும். ஆயின் அது தாய் தன் பங்கில் குறைத்துக்கொண்ட பிடியே ஆகும்.

செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள். இந்நாளில் வேளாங்கண்ணியை நினைப்போர் பலர். எல்லைப்புறத்தாருக்கோ பெங்களூர்ச் சிவாஜிநகரின் தூய மரியன்னை ஆலயமும் அணித்தாக உள்ளது. 1882இல் அபிஷேகம் செய்யப்பெற்று, 1974இல் பேராலயத் தகுதி எய்திய அவ்வாலயத்தில் கன்னடர், தமிழர் என்ற வேறுபாடின்றி மக்கள் கூடுவர். காவி உடுத்து, பிள்ளையை இடுப்பில் ஏந்தி, நேர்ச்சை நிறைவேற்ற வரும் தாய்க்கு மாநில எல்லை ஒரு சுங்கச்சாவடி மாத்திரமே.

ஆலைச் சங்கு

1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980ஆம் ஆண்டையொட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ் நிறுவனமும் உற்பத்தி தொடங்கின. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டான் கைக்கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது. அண்மை ஆண்டுகளில் ஓசூருக்கு அருகே தொடங்கப்பட்ட டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் பல்லாயிரம் இளம்பெண்கள் வேலை செய்கின்றனர். கெலமங்கலம், தளிப் பகுதிகளின் பசுமைக்குடில்களில் ரோஜாப் பறிக்கும் கைகளுள் பெண்களின் கைகள் மிகுதி.

இம்மாற்றம் வீட்டுக் கோயிலையும் தொட்டது. ஞாயிற்றுக்கிழமை திருச்சபையின் ஓய்வுநாள்; ஷிஃப்டு முறைக்கோ ஞாயிறு தெரியாது. கணவன் இரவு ஷிஃப்டு, மகள் பகல் ஷிஃப்டு, மகன் பெங்களூரில் என்றாகிவிட்ட குடும்பத்தில், அனைவரும் ஒன்றாக முழந்தாளிடும் மாலை வாரத்தில் ஒன்று கிடைப்பதே அரிது. தாயும் இப்போது ஆலைக்குச் செல்கிறாள். எனவே, செபமாலை பேருந்து இருக்கையில் தனியே சொல்லப்படுகிறது. பலகாரம் கடையில் வாங்கப்படுகிறது. இதைக் கண்டு பழைமை அழிந்ததென்று புலம்புவோர், அப்பழைமை எத்துணைப் பெண்களின் உறக்கத்தின்மேல் நின்றது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். சொந்த ஊதியம் பெற்ற தாய் மகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறாள். அது இழப்பாகாது. அவளிடம் முன்பு குவிந்திருந்த சுமையை ஏனையோர் பகிர்ந்துகொள்ளாமையே இழப்பாகும்.

திருச்சபையும் மெல்ல மாறி வருகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1960களில், பூசை தாய்மொழிக்கு வந்தது. செபமாலையை உருட்டிக்கொண்டிருந்த பெண் வழிபாட்டுக்கு மறுமொழி கூறத் தொடங்கினாள். 1976இல் தென்னிந்தியத் திருச்சபை பெண்ணைக் குருவாக அபிஷேகம் செய்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் பெரிய வியாழனன்று பாதம் கழுவப்படுவோருள் பெண்களையும் சேர்க்கலாமென 2016இல் விதி திருத்தப்பட்டது. 2021இல் வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகள் முறைப்படி பெண்களுக்கும் திறக்கப்பட்டன. பிறர் பாதங்களை ஆயுள் முழுவதும் கழுவியவளின் பாதம் கோயிலில் கழுவப்படுவதற்கு இத்தனை நூற்றாண்டுகள் ஆயின.

ஏட்டில் எஞ்சிய பெயர்

இவ்வரலாற்றுக்கு ஆவணமே இல்லையோ எனின், ஒன்று உண்டு. அது ஞானஸ்நானப் பதிவேடு. 1614இல் உரோமைச் சடங்கு நூல் வகுத்த முறைப்படி, குழந்தையின் பெயரோடு தந்தை பெயரும் தாய் பெயரும் ஞானப்பெற்றோர் பெயர்களும் அதில் எழுதப்படுகின்றன. பட்டாவிலும் பள்ளிச் சான்றிலும் தந்தையின் பெயரே வழங்கிய காலத்தில், உழைக்கும் பெண்ணொருத்தியின் பெயர் மையினால் எழுதப்பட்ட இடம் பெரும்பாலும் அதுவொன்றே. தந்தை இன்னாரென அறிவிக்கப்படாத குழந்தைக்கும் தாய்மை அறியப்பட்டதாயின் அவள் பெயரை எழுதுக என்று 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் விதித்தது.

நாட்டுச் சட்டம் இவ்விடத்துக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. தாயும் இயற்கைக் காப்பாளராகச் செயற்படலாமென உச்ச நீதிமன்றம் 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் விளக்கம் தந்தது. மணமாகாத கிறித்தவத் தாயொருத்தி தொடுத்த வழக்கில், தந்தையின் பெயரைக் கூறுமாறு அவளை வற்புறுத்தலாகாது என்றும், அவள் உறுதிமொழியின்பேரில் பிறப்புச் சான்று வழங்கவேண்டும் என்றும் 2015 ஜூலையில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பெயரை ஒரு கட்டத்தில் எழுதுவது சிறு செயல் அன்று என்பதற்கு இவ்வழக்குகளே சான்று.

ஆயினும் பதிவேடு பெயரை மட்டுமே காத்தது. அப்பெயருக்குரியவள் பாடிய தாலாட்டு, சொன்ன செபம், நோயிற் கொடுத்த கைம்மருந்து, தட்டில் வைத்து அனுப்பிய பலகாரத்தின் பக்குவம் ஆகியவை அவளோடேயே போய்க்கொண்டிருக்கின்றன. கோவிலூர், எலத்தகிரி, மதகொண்டப்பள்ளி, கெலமங்கலம் என இவ்வட்டாரத்து ஊர்களில் முதிய தாய்மார் இன்னும் வாழ்கின்றனர். பங்குப் பதிவேடுகளின் தாள்கள் இன்னும் பொடிந்துவிடவில்லை. ஏட்டிலுள்ள பெயரையும் வாயிலுள்ள சொல்லையும் ஒருங்கே தொகுக்கும் பணி ஒன்று இவ்வட்டாரத்தில் தொடங்கப்படுமாயின், பாராமகாலின் வரலாறு படைகள் நடந்த வழியோடு நின்றுவிடாது. அப்படைகள் கடந்து சென்ற பின்னரும் அணையாதிருந்த அடுப்புகளின் வரலாறாகவும் அது நிறைவு பெறும்.